வெறுங்கையோடு வாருங்கள்: மாதிரிக் கப்பல் கட்டத் தொடங்குகிறவர்களுக்கு

எங்கள் கிளப்புக்குப் புதிதாக வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "எந்தக் கிட் வாங்கட்டும்?" கிட் என்றால் கப்பலின் பிளாஸ்டிக் பாகங்கள் அடங்கிய பெட்டி. இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். முதல் இரண்டு கூட்டத்துக்கு வெறுங்கையோடு வாருங்கள். மேசையைச் சுற்றி நின்று பாருங்கள், யார் என்ன கட்டுகிறார்கள் என்று கேளுங்கள், பாதியில் நிற்கும் ஒரு கப்பலைக் கையில் வாங்கித் திருப்பிப் பாருங்கள். ஆசையில் பெரிய பெட்டியாக வாங்கி, நாலு பாகம் ஒட்டி, அப்படியே பரணில் ஏற்றியவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அவர்களுக்குக் கைத்திறன் குறைவு என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. மாட்டிக்கொண்ட இடத்தில் பக்கத்தில் கேட்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

நாங்கள் சென்னையில் ஒரு பதினைந்து பேர். மாதத்தில் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை ஓர் உறுப்பினர் வீட்டு மொட்டைமாடி அறையில் கூடுகிறோம். விமானம், டாங்க் கட்டுகிறவர்களும் உண்டு, கப்பல் பைத்தியம் ஆறு பேருக்கு. அந்த ஆறு பேரில் ஓய்வுபெற்ற மெரைன் இன்ஜினியர் சார் ஒருவர், பல் மருத்துவர் ஒருவர், பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன், இப்படிக் கலந்துகட்டிய கூட்டம். இந்த வருடம் கப்பல்காரர்கள் எல்லாரும் ஆளுக்கு ஒன்றாகக் கட்டுவது எம்டன் என்ற போர்க்கப்பல். இதை எழுதுவதே, அடுத்த வருடம் சேரப் போகிறவர்கள் எங்கே தொடங்கி எப்படி அந்த அளவுக்கு வரலாம் என்று சொல்லத்தான். மதுரையிலோ கோவையிலோ கொழும்பிலோ இருந்து படிக்கிறீர்கள் என்றால் உங்கள் ஊரில் இன்னும் இரண்டு பேரைப் பிடியுங்கள். மூன்று பேர், ஒரு மேசை, ஒரு நல்ல விளக்கு இருந்தால் கிளப் ஆயிற்று.

எம்டன் ஏன்?

நம் பேச்சில் எம்டன் என்றால் பயங்கரமான ஆள், எமகாதகன். அந்தச் சொல் வந்தது ஒரு கப்பலிலிருந்து. 1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மானியக் கடற்படையின் எம்டன் மெட்ராஸ் கடற்கரைக்கு முன்னால் வந்து நின்று 100-க்கும் மேற்பட்ட குண்டுகளைப் பொழிந்தது. துறைமுகத்தை ஒட்டியிருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. ஊரே பயந்து காலி செய்தது. அதன் நினைவுக் கல்வெட்டு உயர் நீதிமன்ற வளாக மதிலில் இன்னும் இருக்கிறது. பாரிமுனைக்குச் சாமான் வாங்கப் போகும்போது ஒரு நடை நடந்து பார்த்துவிட்டு வாருங்கள். தாத்தா பாட்டி வாயில் கேட்ட பெயர் ஒன்று மேசைமேல் 34 சென்டிமீட்டர் நீளத்தில் உருவாகும்போது வேலையில் வரும் கவனமே வேறு.

ஆனால் எம்டன் உங்கள் முதல் கப்பல் இல்லை. அதற்கு முன்னால் ஒரு சின்னக் கப்பலை முடித்துவிட்டு வர வேண்டும்.

முதலில் அளவுக் கணக்கு

பெட்டியில் 1/350, 1/700 என்று போட்டிருக்கும். உண்மைக் கப்பலின் நீளத்தை அந்த எண்ணால் வகுத்தால் உங்கள் மாதிரியின் நீளம். எம்டன் சுமார் 118 மீட்டர். 350-ஆல் வகுத்தால் 34 சென்டிமீட்டர், 700-ஆல் என்றால் 17. இந்தக் கணக்கை வீட்டில் அலமாரியை அளந்துவிட்டுப் போடுங்கள். புதியவர்களில் பாதிப் பேர் டைட்டானிக்தான் வேண்டும் என்பார்கள். அது 269 மீட்டர், 1/350-ல் 77 சென்டிமீட்டர் வரும். வைக்க இடம் வேண்டும், பெயின்ட் அடிக்கும்போது திருப்பிப் பிடிக்கக் கை வேண்டும், தூசி படாமல் மூட அவ்வளவு பெரிய கண்ணாடிப் பெட்டி வேண்டும். அந்தக் கறுப்பு உடலோ ஒட்டிய இடத்தில் இருக்கும் சின்ன மேடு பள்ளத்தைக்கூட மறைக்காமல் காட்டிவிடும். இரண்டாவது வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நீளம் மட்டும் பார்த்தால் போதாது. அதே கணக்கை ஓர் ஆளுக்கும் போட்டுப் பாருங்கள். 1/350-ல் மனிதன் 5 மில்லிமீட்டர், 1/700-ல் இரண்டரை. எம்டனில் இருந்த பத்துப் பீரங்கிகளும் 10.5 சென்டிமீட்டர் விட்டம். 1/350-ல் அந்தத் துளை 0.3 மில்லிமீட்டர்! குழலின் நீளம் 12 மில்லிமீட்டர். இந்த எண்களை எழுதி வைத்துக்கொண்டால் பின்னால் கயிறு கட்டும்போது, கம்பி வைக்கும்போது எது தடிப்பாகத் தெரியும் என்பது தானாகப் பிடிபடும். தையல் நூலை எடுத்துக் கப்பலில் கட்டினால் ஏன் அசிங்கமாக இருக்கிறது என்பதற்கான விடையும் இதே கணக்கில் இருக்கிறது. அந்த நூல் 1/350-ல் ஒரு தூணின் தடிமன்.

முதல் கிட்

1/700-ல், நீர்மட்டத்துக்கு மேலே தெரியும் பகுதி மட்டும் உள்ள ஒரு டெஸ்ட்ராயர், அதாவது சின்ன, வேகமான போர்க்கப்பல். இதைத்தான் எல்லாருக்கும் சொல்கிறோம். 1971-ல் ஜப்பானின் ஷிசுவோகா நகரத்துக் கம்பெனிகளான டாமியா, ஹாசெகாவா, ஆஓஷிமா, ஃபுஜிமி நான்கும் சேர்ந்து, ஆளுக்குச் சில கப்பல்கள் என்று பங்கு போட்டுக்கொண்டு, வாட்டர்லைன் வரிசையைத் தொடங்கின. எல்லாமே 1/700. அதில் டாமியாவின் ஃபுபுகி போன்ற ஒரு டெஸ்ட்ராயரை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபுபுகியும் உண்மையில் ஏறக்குறைய எம்டன் நீளம்தான், 118 மீட்டர். மாதிரி 17 சென்டிமீட்டர், ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு. பாகங்கள் அளவாக இருக்கும், பொருத்தம் நன்றாக இருக்கும், முக்கியமாக முடிந்துவிடும். ஒரு கப்பலை முழுசாக முடித்தவரின் கை வேறு, பத்துக் கப்பலைத் தொடங்கி விட்டவரின் கை வேறு.

மரத்தில் பாய்மரக் கப்பல் கட்ட ஆசைப்படுகிறவர்களுக்கும் இதே பதில்தான், கொஞ்சம் வருத்தத்தோடு. எனக்கும் அந்த ஆசை உண்டு. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டப்பட்டு, 1938-ல் அட்லாண்டிக்கைக் கடந்து அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் குளோஸ்டர் துறைமுகம் வரை போன அன்னபூரணி என்ற பாய்மரக் கப்பலை ஒரு நாள் மரத்தில் கட்ட வேண்டும். அது பெட்டியில் கிடைக்காது. படங்களைப் பார்த்து வரைபடம் போட வேண்டும், விலா எலும்பு மாதிரிச் சட்டங்களை அறுக்க வேண்டும், பலகையை நனைத்து வளைத்து ஒவ்வொன்றாக ஒட்ட வேண்டும். ஒரு கப்பலின் உடல் எப்படி வளைகிறது என்பதைப் பிளாஸ்டிக்கில் இரண்டு மூன்று முறை தடவிப் பார்த்த பிறகு அதற்குப் போனால் பாதி பயம் போய்விடும்.

கருவிகள்

பட்டியலைப் பார்த்து மொத்தமாக வாங்க வேண்டாம். கிளப்பில் எல்லாரிடமும் எல்லாம் இருக்கிறது, கேட்டால் கொடுப்பார்கள். ஒன்றைப் பயன்படுத்திப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

முதல் நாளே சொந்தமாக வேண்டியவை கொஞ்சம்தான். பாகங்களை அவை ஒட்டிவரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து வெட்டியெடுக்க ஒரு பக்கம் தட்டையான நிப்பர். பிளேடு மாற்றக்கூடிய பேனாக்கத்தி. ஒரு சாமணம். 400, 800, 1500 எண்களில் வாட்டர் பேப்பர், அதாவது தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள். பிளாஸ்டிக்குக்கான திரவப் பசை. மாஸ்கிங் டேப். இவ்வளவுதான்.

சாமணம், சின்ன அரம், ஊசி மாதிரி டிரில் பிட் இவற்றுக்கு ஹாபி கடைக்குப் போகவே வேண்டாம். நகைப் பட்டறைச் சாமான் விற்கிற கடைகள் சௌகார்பேட்டைப் பக்கம் இருக்கின்றன, உங்கள் ஊரிலும் பத்தர் தெருவுக்குப் பக்கத்தில் ஒன்றாவது இருக்கும். பொற்கொல்லர்கள் மில்லிமீட்டருக்குக் கீழே வேலை செய்கிறவர்கள், அவர்களுடைய கருவி நமக்கு அப்படியே பொருந்துகிறது. கடைக்காரரிடம் என்ன வேலைக்கு என்று சொல்லிக் கேளுங்கள், இரண்டு மூன்று எடுத்துப் போடுவார். முனை இரண்டும் சேரும் இடத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்து, இடைவெளி தெரியாததை எடுங்கள். மின்விளக்கு, சின்ன மோட்டார் என்று ஏதாவது வேண்டுமென்றால் ரிச்சி தெரு இருக்கவே இருக்கிறது.

பசையைப் பற்றி ஒரு வார்த்தை. பிளாஸ்டிக் பசை ஒட்டுவதில்லை, உருக்கிச் சேர்க்கிறது. இரண்டு பாகத்தின் ஓரத்தையும் கரைத்து ஒன்றாக்கிவிடும். அதனால் விரலில் பட்டு, அந்த விரல் மாதிரியில் பட்டால் கைரேகை அப்படியே பதிந்துவிடும். ஃபெவிக்விக் வகைப் பசை பித்தளைத் தகட்டுக்கும் கம்பிக்கும் மட்டும். கண்ணாடிச் சன்னல் மாதிரித் தெளிவான பாகங்களுக்கு ஃபெவிகால் போதும், காய்ந்தால் தெரியாது, மற்ற பசையின் ஆவி படிந்தால் கண்ணாடி வெளுத்துவிடும்.

கப்பல் உடல்

பாகச் சட்டங்களை முதலில் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காய வையுங்கள். அச்சிலிருந்து எடுக்கப் பூசிய எண்ணெய்ப் பசை இருந்தால் பெயின்ட் நிற்காது. அப்புறம் குறிப்புத் தாளை முழுவதும் ஒரு முறை படியுங்கள், பசையைத் தொடாமல். எந்தப் பாகத்தை ஒட்டினால் எந்த இடத்துக்குத் தூரிகை போகாது என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். கப்பல் கட்டுவதில் இதுதான் பாதி வேலை. டாங்கை முழுசாகக் கட்டிவிட்டுப் பெயின்ட் அடிக்கலாம். கப்பலில் புகைபோக்கிக்குப் பின்னால், கப்பலை ஓட்டும் மேடைக்கு (பிரிட்ஜ்) அடியில், படகுகளுக்கு இடையில் ஏகப்பட்ட சந்து இருக்கும். ஆகவே மேல்தளம், மேற்கட்டு, புகைபோக்கி, பீரங்கி, படகு என்று தனித்தனியாகச் சேர்த்து, தனித்தனியாக வண்ணம் அடித்து, கடைசியில்தான் ஒன்றாக்குவோம்.

உடலின் இரண்டு பாதிகளைச் சேர்ப்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். முதலில் பசையில்லாமல் பொருத்தி, டேப் போட்டு, வெளிச்சத்துக்கு எதிராகப் பிடியுங்கள். எங்கே வெளிச்சம் வருகிறதோ அங்கே ஒரு மேடு இருக்கிறது, உப்புத்தாளால் இரண்டு இழுப்பு. திரும்பப் பொருத்துங்கள். சரியாக உட்கார்ந்த பிறகு, இரண்டு விரலால் அழுத்திக்கொண்டே, மெல்லிய பசையைத் தூரிகை முனையில் எடுத்து இணைப்புக் கோட்டைத் தொடுங்கள். தொட்டதும் பசை தானாகக் கோட்டில் ஓடும், எண்ணெய் திரியில் ஏறுகிற மாதிரி. பத்து விநாடி பொறுத்து லேசாக அழுத்தினால் இணைப்பில் தலைமுடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் வரம்பு பிதுங்கும். அது பிதுங்கினால் சந்தோஷப்படுங்கள், துடைக்காதீர்கள். இரண்டு நாள் அப்படியே விடுங்கள். மூன்றாம் நாள் கத்தியை நிமிர்த்திப் பிடித்து அந்த வரம்பைச் சுரண்டி, வாட்டர் பேப்பர் போட்டால் அங்கே இணைப்பு இருந்ததே தெரியாது. பொறுமை இல்லாமல் அன்றே தேய்த்தால், பசை உள்ளே இன்னும் இளகி இருக்கும், ஒரு மாதம் கழித்து அந்த இடம் பள்ளமாக இறங்கிவிடும்.

இடைவெளி பெரிதாக இருந்தால் பட்டி பார்க்க வேண்டியதுதான். கார் பட்டியும் வேலை செய்யும், ஆனால் மெல்லிசாகப் பூச வேண்டும், ஒரே தடவையில் நிரப்பக் கூடாது.

பெயின்டும் நம் ஊர் காற்றும்

வெளிநாட்டு வழிகாட்டிகள் எல்லாம் 20 டிகிரி வெப்பநிலையும் வறண்ட காற்றும் உள்ள அறையை நினைத்து எழுதியவை. சென்னையில் இரண்டு தொல்லை. ஏப்ரல், மே மாதங்களில் அக்ரிலிக் பெயின்ட் தூரிகையிலேயே காய்ந்து, மாதிரியில் கோடு கோடாக இழுக்கும். பழைய டிபன் பாக்ஸில் நனைத்த ஸ்பாஞ்ச், மேலே பட்டர் பேப்பர், அதன்மேல் பெயின்ட் வைத்துக்கொண்டால் ஒரு மணி நேரம் தாங்கும். பெயின்டை ஒரே கனமான பூச்சாக அடிக்காமல் நீர்க்கக் கரைத்து மூன்று பூச்சு அடியுங்கள். முதல் பூச்சு திட்டுத்திட்டாக, பார்க்கவே வயிற்றைக் கலக்குகிற மாதிரித்தான் இருக்கும், மூன்றாவதில் சரியாகிவிடும்.

இன்னொன்று அக்டோபர், நவம்பர் மழை. தின்னரில் கரையும் லாக்கர் (lacquer) வகைப் பெயின்டை அந்த நாட்களில் ஸ்ப்ரே செய்தால் மேலே பால் சிந்தின மாதிரி வெளுக்கும். கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது அந்தப் பரப்பு குளிர்ந்து, காற்றில் இருக்கும் ஈரம் ஈரப் பெயின்டுக்குள்ளேயே படிந்துவிடுவதால் வருவது இது. என் முதல் பெரிய கப்பலுக்கு இப்படி ஆயிற்று. இரண்டு மாத வேலை, கரும்பச்சை அடித்தது காலையில் சாம்பல் பூத்துக் கிடந்தது. அழுகையே வந்துவிட்டது, எல்லாவற்றையும் உரிப்பதற்குத் தின்னர் எடுத்தும் விட்டேன். நல்லவேளை, அதற்கு முன்னால் படத்தை எடுத்துக் குழுவில் போட்டேன். மெரைன் இன்ஜினியர் சார் உடனே போன் செய்து, "தொடாதே தம்பி, அப்படியே மூடி வை. வெயில் அடிக்கிற நாள் வரட்டும், ரிடார்டர் கலந்த தின்னரை மட்டும் மெல்லிசா ஒரு மூச்சு அடி" என்றார். ரிடார்டர் என்பது பெயின்ட் காய்வதைத் தாமதமாக்கும் திரவம். ஒன்பது நாள் காத்திருந்தேன். அடித்த ஐந்தாவது நிமிடம் பச்சை திரும்பி வந்தது. கிளப்பில் சேருங்கள் என்று நான் விடாமல் சொல்வது அந்த ஒரு போனுக்காகத்தான்.

ஸ்ப்ரேயோ ஏர்பிரஷ்ஷோ அடிக்கிறவர்கள் மொட்டைமாடியிலோ, வெளியே காற்றை இழுக்கும் விசிறி உள்ள இடத்திலோ அடியுங்கள். கொரோனா காலத்து என்95 முகக்கவசம் தூசிக்குத்தான், தின்னர் ஆவியை நிறுத்தாது. அதற்கு ரசாயன ஆவிக்கான கேட்ரிட்ஜ் உள்ள மாஸ்க் வேண்டும். வீட்டில் குழந்தை இருந்தால், ஆஸ்துமா உள்ளவர் இருந்தால், தண்ணீரில் கரையும் அக்ரிலிக்கும் தூரிகையும் மட்டும் போதும். எங்கள் கிளப்பில் மிக அழகான கப்பல் ஒன்று முழுக்கத் தூரிகையால் அடித்ததுதான்.

பிரைமர், அதாவது முதல் அடிப்பூச்சு, அடிக்காமல் எதையும் தொடங்காதீர்கள். பெயின்ட் பிடிப்பதற்காக மட்டும் இல்லை, சாம்பல் நிறப் பிரைமர் அடித்ததும்தான் நீங்கள் தேய்க்காமல் விட்ட இடமெல்லாம் கண்ணுக்குத் தெரியும். திரும்பத் தேய்த்து, திரும்ப அடிக்கலாம்.

கம்பியும் கயிறும்

டெஸ்ட்ராயர் முடிந்துவிட்டது, கையில் கொஞ்சம் தைரியம் வந்துவிட்டது என்றால் இனி கப்பலைக் கப்பலாக்கும் வேலை. ஓரக் கைப்பிடிக் கம்பிகள் மெல்லிய பித்தளைத் தகட்டில் அரித்து எடுக்கப்பட்டு வரும். 1/350-ல் அதன் உயரம் 3 மில்லிமீட்டர்தான். தரை ஓட்டின்மேல் வைத்து, புது பிளேடால் மேலிருந்து நேராக அழுத்தி வெட்டுங்கள், இழுத்து வெட்டினால் வளைந்துவிடும். பசை வைக்க ஒரு தையல் ஊசியின் காதை நுனியில் வெட்டிவிட்டால் குட்டி முள்கரண்டி மாதிரி ஆகும், அதில் ஒரு சொட்டில் பத்தில் ஒரு பங்கு தங்கும். அந்த அளவு போதும்.

கயிற்றுக்குக் காசு செலவே இல்லை. பாகங்களை வெட்டியெடுத்த பிறகு மிஞ்சும் அந்தப் பிளாஸ்டிக் சட்டத்தைத் தூக்கிப் போடாதீர்கள். ஒரு சாண் துண்டை இரண்டு கையாலும் பிடித்து, மெழுகுவர்த்திச் சுடருக்கு இரண்டு விரற்கடை மேலே, உருட்டிக்கொண்டே காட்டுங்கள். சுடரில் படக் கூடாது, பட்டால் பற்றிக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் நடுப்பகுதி பளபளக்கும், அப்புறம் பாகுபதம் வந்த மாதிரித் தொய்யும். உடனே இழுக்காதீர்கள். நெருப்பிலிருந்து விலக்கி, மனதுக்குள் ஒன்று எண்ணி, பிறகு ஒரே சீராகக் கையை விரியுங்கள். மெதுவாக இழுத்தால் தடித்த கம்பி, வேகமாக இழுத்தால் முடி. அப்படியே பத்து விநாடி இழுத்துப் பிடித்தால் நேராக இறுகிவிடும். முதல் பத்தில் எட்டு அறுந்து போகும், எல்லாருக்கும் அப்படித்தான், சட்டம் நிறைய இருக்கிறது. கம்பியில்லாத் தந்தி ஆண்டெனாவை இதில்தான் கட்டுகிறோம். கட்டிய பிறகு கொஞ்சம் தொய்வாகத் தெரிந்தால், ஊதி அணைத்த ஊதுபத்தியின் கங்கைக் கீழே ஒரு விரல் தூரத்தில் கொண்டுபோனால் சுருங்கி விறைத்துக்கொள்ளும்.

பெயர், கொடி போன்ற டெகால்களை, அதாவது தண்ணீரில் நனைத்து ஒட்டும் படங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பளபளப்பான வார்னிஷ்மேல் ஒட்டுங்கள், வெதுவெதுப்பான தண்ணீர் பயன்படுத்துங்கள், அவசரப்படாதீர்கள்.

இப்போது எம்டன்

ரெவெல் நிறுவனம் எம்டனை 1/350-ல் வெளியிட்டிருக்கிறது. கடையில் கிடைக்காவிட்டாலும் பழைய உறுப்பினர்களின் அலமாரியில் ஒன்றிரண்டு இருக்கும், கேளுங்கள்.

தொடங்கும் முன் ஒரு முடிவு எடுக்க வேண்டும்: எந்த நாள் எம்டன்? சீனாவின் சிங்தாவ் துறைமுகத்தில் அமைதிக்காலத்தில் நின்ற எம்டன் வெள்ளை உடலும் மஞ்சள் கலந்த புகைபோக்கியுமாக அன்னம் மாதிரி இருந்தது. போர் தொடங்கியதும் சாம்பல் அடித்துவிட்டார்கள். பெட்டிப் படம் எதுவாக இருந்தாலும், மெட்ராஸ் இரவு என்றால் சாம்பல்தான். வெள்ளை அழகு, ஆனால் வெள்ளை அடிப்பதுதான் எல்லா நிறத்திலும் கஷ்டம், சாம்பலை எடுக்க அதுவும் ஒரு காரணம். பினாங்கு எம்டன் கட்டுகிறவர்களுக்கு ஒரு தனி வேலை உண்டு. 1914 அக்டோபர் 28 விடியலில் பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்தபோது அதற்கு நாலு புகைபோக்கி. உண்மையில் இருந்தது மூன்று, நாலாவது கித்தான் துணியில் செய்த பொய். பிரிட்டிஷ் கப்பல் என்று தூரத்திலிருந்து நம்ப வைக்கச் செய்த வேலை. பல் மருத்துவர் அதை மெல்லிய காகிதத்தைச் சுருட்டி, பசையில் ஊறவைத்து, துணி மாதிரிச் சின்னச் சுருக்கங்களோடு செய்துவிட்டார். அதைப் பார்க்கவே ஒரு கூட்டத்துக்கு வரலாம்.

எம்டன் நிலக்கரியில் ஓடிய கப்பல். வழியில் பிடித்த கப்பல்களிலிருந்து கரியை அள்ளிக்கொண்டு, துறைமுகம் காணாமல் வாரக்கணக்கில் சுற்றியது. ஆகவே அதைப் புதுப் பாத்திரம் மாதிரிப் பளபளவென்று வைக்காதீர்கள். புகைபோக்கி வாயில் கரி, நங்கூரத் துவாரத்துக்குக் கீழே துருவின் மெல்லிய ஒழுக்கு, கரி ஏற்றிய இடத்தில் பக்கவாட்டில் உரசல். துருவை அதிகமாக்கவும் வேண்டாம். 1/350-ல் ஒரு மில்லிமீட்டர் அகலத் துரு, உண்மையில் ஒரு முழத்தில் முக்கால். தூரிகையில் பெயின்டைத் துடைத்துவிட்டு, மிச்சம் இருப்பதை மட்டும் மேலிருந்து கீழாக ஒரு இழுப்பு.

மேல்தளத்தில் ஆட்களை நிறுத்தும்போது ஒவ்வொரு முறையும் யாராவது கேட்பார்கள், விடுதலைப் போராட்ட வீரர் செண்பகராமன் பிள்ளை எங்கே என்று. அவர் எம்டனில் வந்தார் என்ற கதையைக் கேட்டுத்தான் நானும் வளர்ந்தேன். ஆனால் 1914-ல் அவர் ஐரோப்பாவில் இருந்தார், அந்தக் கப்பலில் இருந்ததற்கு ஆதாரம் இல்லை. அவர் செய்த வேலைகளே போதுமான அளவு பெரியவை. என் எம்டனில் அவரை நிறுத்தவில்லை. பத்தாம் வகுப்புப் பையன் நிறுத்தியிருக்கிறான், 5 மில்லிமீட்டர் உருவத்துக்குத் தலைப்பாகைகூடக் கட்டிவிட்டான். இது பற்றி எங்களுக்குள் இன்னும் வாக்குவாதம் நடக்கிறது.

கூட்டத்தில் எப்படி இருப்பது

முடியாத கப்பலைக் கொண்டு வாருங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன், புதியவர்கள் கூச்சப்பட்டு, முடித்த பிறகு காட்டலாம் என்று ஆறு மாதம் வராமலே இருந்துவிடுகிறார்கள். முடித்த கப்பலைப் பார்த்து நாங்கள் சொல்ல முடிவது "நல்லாயிருக்கு" மட்டும்தான். ஒட்டாத கப்பலில்தான் எதையும் மாற்ற முடியும். எங்கே மாட்டினீர்கள் என்று சுட்டிக்காட்டிக் கேளுங்கள். "எப்படி இருக்கு?" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும்.

மற்றவர் மாதிரியைத் தொடும் முன் கேளுங்கள், தூக்கச் சொன்னால் அடிப்பலகையைப் பிடித்துத் தூக்குங்கள், உடலைப் பிடிக்க வேண்டாம். கருவி கடன் வாங்கினால் அன்றே கழுவித் திருப்பிக் கொடுங்கள், தூரிகையை மட்டும் யாரிடமும் கடன் கேட்காதீர்கள். கிட் இறக்குமதி செய்யும்போது ஐந்தாறு பேர் சேர்ந்து வரவழைத்தால் தபால் செலவு பிரியும், வரி எவ்வளவு வரும் என்று முன்பே செய்தவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். குறை சொன்னால் மனம் நோகத்தான் செய்யும். ஒரு வாரம் கழித்து அதே இடத்தைப் பாருங்கள், பெரும்பாலும் அவர் சொன்னது சரியாக இருக்கும். சரியில்லை என்று தோன்றினால் உங்கள் விருப்பப்படியே விடுங்கள், கப்பல் உங்களுடையது.

தூசியும் பயணமும்

கட்டிய கப்பலைத் திறந்து வைத்தால் மூன்று மாதத்தில் கயிறெல்லாம் தூசிக் கம்பளி ஆகிவிடும், துடைத்தால் அறுந்துவிடும். கொளத்தூரில் மீன் தொட்டி செய்கிறவர்களிடம் அளவு கொடுத்தால் அடிப்பக்கம் இல்லாத கண்ணாடிப் பெட்டி செய்து தருவார்கள். நீளத்திலும் அகலத்திலும் இரண்டு விரற்கடையும், உயரத்தில் கொடிமரத்துக்கு மேலே நாலு விரற்கடையும் கூட விட்டு அளவு சொல்லுங்கள். பலகையில் அந்தக் கண்ணாடி உட்காரச் சின்னக் காடி ஒன்றை ஆசாரியிடம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கூட்டத்துக்குக் கொண்டுவர: கப்பலைக் கட்டத் தொடங்கும்போதே, உடலை மூடுவதற்கு முன், உள்ளே இரண்டு நட்டுகளை எபாக்ஸி பசை போட்டு உட்கார வையுங்கள். அப்போதுதான் அடியிலிருந்து போல்ட் போட்டுப் பலகையோடு முறுக்க முடியும். பிறகு நினைத்துப் பார்த்தால் வழி கிடையாது. பலகையை ஓர் அட்டைப்பெட்டியின் அடியோடு நாலு பக்கமும் டேப் போட்டு இறுக்குங்கள், கப்பலைச் சுற்றிப் பஞ்சோ காகிதமோ திணிக்காதீர்கள், அதுதான் கம்பியை உடைக்கிறது. மின்சார ரயிலில் வந்தால் மேலே சாமான் தட்டில் வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஸ்டேஷனில் இறங்குவது என்று முந்தின நாளே குழுவில் கேட்டால் யாராவது ஒருவர் வண்டியோடு வந்து நிற்பார்.